தந்தையின் குடியும் பிள்ளையின் சிந்தனையும்

"குடி" என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று குடும்பம், மற்றொன்று அக்குடும்பத்தைக் குலைப்பது. பந்தல்குடி என்று நம் ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் முதற்பொருளை மனத்திற்கொண்டே பெயரிட்டிருப்பர். இரண்டாம் பொருளைப் பற்றியோ, பேச்சுப் போட்டிகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் நாம் பேசிப் பேசிக் களைத்துவிட்டோம். "மது அரக்கன்" என்று எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. அப்படி எழுதினால் கைதட்டலும் பரிசும் கிடைக்கின்றன. ஆனால் அரக்கன் என்பவன் வெளியிலிருந்து வருகிறவன். கதவைச் சாத்தித் தாழிட்டால் போதும் என்று தோன்றும். குடி அப்படிப்பட்டதன்று. பல வீடுகளில் அது திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறது. அதனை நாம் "அப்பா" என்று அழைக்கிறோம். தெளிவாக இருக்கும் நாட்களில் அதுவே நமக்குப் பூவும் பண்டமும் வாங்கி வருகிறது. அரக்கனைப் பற்றி எழுதுவது எளிது. அன்பு செய்கிறவரைப் பற்றி எழுதுவதுதான் கடினம்.

அக்கடினமான பொருளைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: எந்த வீட்டில் குடியின் வரலாறு உண்டோ, அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அவ்வரலாற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதுவும் அவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டுமுன் சொல்லிவிட வேண்டும். "உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? இரத்தக் கொதிப்பு உண்டா?" என்று மருத்துவர் கேட்டால் நாம் தயங்குவதில்லை. "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, பெரியப்பாவுக்கும் இருந்துச்சு" என்று ஒப்பிக்கிறோம். குடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்கிறது. பிள்ளை கேட்டால் "பெரியவங்க விஷயம் உனக்கெதுக்கு?" என்று அடக்கிவிடுகிறோம். மானத்தைக் காப்பதாக எண்ணி இதைச் செய்கிறோம். தெரு முழுதும் அறிந்த செய்தியை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மறைப்பதில் எந்த மானம் காப்பாற்றப்படுகிறதோ, எனக்கு விளங்கவில்லை.

குடி வழிவழியாக வருவதா, வளர்ப்பினால் வருவதா? நம் பக்கத்துத் தாய்மார்களிடம் இரண்டு பேச்சுகள் உண்டு. மகன் முதன்முறை குடித்துவிட்டு வந்தால், "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வது ஒன்று. "நான் பெத்து வளத்த பிள்ளை அப்படிப் போகாது" என்று மகன் வளருமுன் மார்தட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை. டொனால்ட் குட்வின் என்ற அமெரிக்க மருத்துவர் டென்மார்க்கு நாட்டில் ஓர் ஆய்வு செய்து 1973-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். பெற்றோருள் ஒருவர் குடிக்கு அடிமையாயிருந்து, பிறந்த சில வாரங்களிலேயே வேறு வீட்டாருக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 55 ஆண்களை அவர் தேடிப் பிடித்தார். பெற்ற தந்தையின் முகத்தையே அறியாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுள் நூற்றுக்கு 18 பேர் குடிக்கு அடிமையாகியிருந்தனர். அவ்வாறான வரலாறு இல்லாத தத்துப் பிள்ளைகளிலோ நூற்றுக்கு 5 பேர்தாம். ஆகவே இரத்தத்தில் ஏதோ ஒன்று தொடர்கிறது என்பதை மறுக்க இயலாது. பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், குடிக்கு அடிமையாகும் இயல்பில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருவது என்றும், மறுபாதி சூழ்நிலையால் வருவது என்றும் கணித்துள்ளனர்.

ஆனால் அந்த 18-ஐ மட்டும் பார்த்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள், மாணவியரே. நூற்றில் 18 போக மீதி எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 82 பேர் அடிமையாகவில்லை! பெற்றோரின் குடி, பிள்ளைகளின் ஜாதகக் கட்டம் அன்று. கரிசல் காட்டில் பிறந்த பயிருக்கு வாட்டம் வரும் என்பது தெரிந்ததுதான். அதற்காக விதைக்காமல் விட்டாரா நம் பாட்டனார்? வாட்டம் வரும் நிலம் என்று அறிந்துதான் எந்த விதையை, எந்த மாதத்தில் போடலாம் என்று முடிவு செய்தார். அறிந்துகொள்வதன் பயன் அது.

அயர்லாந்து நாட்டுத் தலைநகர் டப்ளினில் 1856-இல் பிறந்த மாட் டால்பட் என்ற கூலித் தொழிலாளியை நம் அருட்சகோதரியர் அறிவர். தந்தை குடிகாரர், சகோதரர்களுள் பெரும்பாலோர் அவ்வழியே சென்றனர். பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்த சிறுவன் அங்கேயே குடிக்கக் கற்றான். பதினாறு ஆண்டுகள் குடித்தான். 28-ஆம் வயதில், 1884-இல், முதலில் மூன்று மாதத்திற்கு என்று சொல்லித்தான் குடியை விடுவதாக வாக்களித்தார். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று; பின்னர் 1925-இல் இறக்கும்வரை 41 ஆண்டுகள் ஒரு துளியும் தொடவில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. பக்தியைக் காட்டிலும் வேறொன்று அவரிடம் என்னைக் கவர்கிறது. பள்ளியை அரைகுறையாய் விட்ட அவர், குடியை விட்ட பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிப் புனித அகுஸ்தினாரின் நூல் வரை முன்னேறினார். பன்னிரண்டு வயதில் அவர் இழந்த படிப்பை மீட்க எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன!

படிப்பு என்றதும் தலைப்பில் உள்ள சிந்தனைக்கு வருவோம். நம் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிதான் "பொறு, யோசி" என்று நம்மைப் பிடித்து நிறுத்துவது. திட்டமிடுவதும், இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஆசையை அடக்குவதும் அதன் வேலைகள். மூளையின் மற்றப் பகுதிகளெல்லாம் முதிர்ந்த பிறகு, கடைசியாக, இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் அது முழு வளர்ச்சி பெறுகிறது. வீடு கட்டும்போது கதவு கடைசியில் மாட்டுவதைப் போல என்று சொல்லலாம். கதவு மாட்டாத வீட்டிற்குள்தான் பதினைந்து வயதில் மது நுழைகிறது.

1984-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ஹென்றி பெக்லைட்டர் என்ற அறிஞரின் குழுவினர், குடிகாரத் தந்தையரின் மகன்களான 7 முதல் 13 வயது வரையுள்ள சிறுவர்களைச் சோதித்தனர். அச்சிறுவர் எவரும் மதுவைத் தொட்டவர் அல்லர். கண்முன் தோன்றும் குறிகளுள் முக்கியமானதைக் கண்டவுடன் மூளையில் எழும் மின்னலை, மற்றச் சிறுவர்களைவிட இவர்களிடம் தாழ்ந்து காணப்பட்டது. நமக்கு அண்மையில், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், மருத்துவர் விவேக் பெனகல் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. குடி வேரூன்றிய குடும்பங்களில் பிறந்து, தாங்கள் குடியாத இளைஞர்களின் மூளைப் படங்களில், அடக்கியாளும் முன்பகுதி உள்ளிட்ட சில இடங்கள் சற்றுச் சிறுத்திருந்தன. நினைத்ததும் செய்துவிடும் அவசர குணம் மிகுந்தவர்களிடம் அது மேலும் தெளிவாகத் தெரிந்தது.

இது ஒருபுறம். மறுபுறம், தானே குடிக்கத் தொடங்கிய பிள்ளையின் நிலை என்ன? 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சாண்ட்ரா பிரௌன், சூசன் டாப்பர்ட் ஆகிய இரு பெண் அறிஞர்களின் குழுவினர் குடிக்கு அடிமையான 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் சோதனை வைத்தனர். மது அருந்தி மூன்று வாரமான பின்னும், கற்ற சொற்களில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைக் குடியாத பிள்ளைகளைவிடக் குறைவாகவே அவர்களால் திருப்பிச் சொல்ல முடிந்தது. பத்தில் ஒரு பங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். பத்தாம் வகுப்பில் 38 எடுக்கும் பிள்ளைக்கு அது என்னவாகும் என்பதை ஆசிரியைகளைக் கேளுங்கள். அவ்விருவரே அவ்வாண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, குடும்பத்தின் குடி வரலாறும் பிள்ளையின் சொந்தக் குடியும் தனித்தனியே சிந்தனைத் திறனைத் தாக்கக்கூடிய இரு காரணங்கள் என்று கூறிற்று. ஆகவே குடிகார வீட்டுப் பையன் குடிக்கத் தொடங்கும்போது, தான் உண்டாக்காத ஒரு குறையின்மேல் தானே உண்டாக்கும் ஒரு குறையை ஏற்றி வைக்கிறான். முதலாவதை அவனால் தவிர்க்க இயலாது. இரண்டாவது அவன் கையில் இருக்கிறது.

வகுப்பறையில் இதனோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரவு பதினொரு மணிக்குச் சட்டி உருளும் வீட்டில் எந்தப் பிள்ளை மறுநாள் அல்ஜீப்ரா படிக்கும்? அடி விழுமோ, அம்மா அழுவாளோ, சனிக்கிழமைச் சம்பளம் முழுதும் வந்து சேருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பெண், காலையில் முதல் மணிக்கே தூங்கி வழிகிறாள். நாம் உடனே "மந்தம்" என்று முத்திரை குத்துகிறோம். அவள் மந்தமல்லள், இரவெல்லாம் காவல் இருந்தவள். இரவுக் காவலாளியைப் பகலில் தேர்வு எழுதச் சொன்னால் எத்தனை மதிப்பெண் எடுப்பார்? அந்தப் பிள்ளை "என்னாலதான் அப்பா குடிக்கிறார்" என்றும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடும். குடிப்பவர்களே சினத்தில் அப்படிச் சொல்வதுண்டு. குடிப்பவர்களின் பிள்ளைகளுக்கென்றே 1957-இல் அமெரிக்காவில் தோன்றிய அலட்டீன் என்ற குழுவில், புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் உணர்த்துவது, பெற்றோரின் குடிக்கு நீ காரணம் அல்ல என்பதைத்தான்.

இனி, தள்ளிப்போடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 27,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கைக் கொண்டு கிராண்ட், டாசன் என்ற இருவர் 1997-இல் எழுதிய கட்டுரையின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 40 பேர் பிற்காலத்தில் அடிமையாயினர். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பத்துப் பேர்தாம். துடுக்கான பிள்ளைகளே இளமையில் தொடங்குகிறார்கள், அதனால் கணக்கு அப்படித் தெரிகிறது என்று வாதிடுவோரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. எனினும் கதவு மாட்டும்வரை காத்திருப்பதில் நட்டம் எவருக்கும் இல்லை.

நம் வழக்கங்களோ இதற்கு நேர்மாறாக உள்ளன. பையனின் முதல் மடக்கு கடையில் கிடைப்பதைக் காட்டிலும் வீட்டு விசேஷத்தில் கிடைப்பதே நம் பக்கத்தில் மிகுதி. மாரியம்மன் பொங்கலன்று, காதுகுத்தன்று, கிடாவெட்டன்று, பந்தற்கால் ஊன்றி மைக்செட் கட்டி உழைத்த பையன்களுக்குத் தாய்மாமனே ஊற்றிக் கொடுக்கிறார். "ஆம்பளைப் பிள்ளைதானே, இன்னைக்கு ஒரு நாளு!" என்று பெண்களும் பார்த்துச் சிரிக்கிறார்கள். சளி பிடித்த குழந்தைக்குப் பிராந்தியை நாவில் தடவுவது இன்னொரு வழக்கம். அது மருந்தே அன்று. பள்ளிப் பையனைப் புட்டி வாங்கிவர அனுப்பும் தந்தையரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி, மருத்துவர் சொல்லாமல் ஒரு சிறுவனுக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. மதுவைச் சுமந்துவரச் சிறுவனைப் பயன்படுத்துபவருக்கும் அவ்வாறே. இச்சட்டப்படி பார்த்தால் நம் தாய்மாமன்மாருள் பலர் சிறையில்தான் விருந்து வைக்க வேண்டியிருக்கும்!

குடும்பத்தின் குடி வரலாற்றைச் சொல்லும்போது, அதில் கலந்திருக்கும் நாட்டு வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. 1937 அக்டோபர் 1-ஆம் நாள் இராஜாஜியின் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதும் அது பரவியது. 1971 ஆகஸ்டு 30-இல், முதிர்ந்த வயதிலிருந்த இராஜாஜி நேரில் சென்று வேண்டிக்கொண்டும், விலக்குத் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் மூடினர். 1981-இல் மீண்டும் திறந்தனர். திறந்தவர், 1977-இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பிய எம்.ஜி.ஆர். அவர்கள்தாம், திரையில் மதுவைத் தொடாத நாயகன்! 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. இந்த ஆண்டுகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வயதோடு ஒட்டிப் பாருங்கள். கொள்ளுத் தாத்தா இளைஞராயிருந்தபோது விலக்கு. தாத்தா இளைஞரானபோது கள்ளும் சாராயமும். அப்பா இளைஞரானபோது அரசுக் கடை. ஒரே இரத்தம்தான் மூவருக்கும். மரபு பாதி என்றால், மற்றப் பாதியில் கடைக்குப் பெரும் பங்கு உண்டு. தந்தையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முழு நியாயமாகாது. ஆனாலும், சூழ்நிலையைக் காரணம் காட்டித் தந்தை தப்பித்துக்கொள்வதையும் நான் ஏற்க மாட்டேன்.

"நாங்கள் பெண்கள், குடிப்பதில்லை. எங்களிடம் ஏன் இதைச் சொல்கிறீர்கள்?" என்று மாணவியர் கேட்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 25 பேர் குடிப்பவர். பெண்களிலோ ஆயிரத்துக்கு மூவர். உண்மைதான். ஆனால் மரபு பெண்பிள்ளைகளைத் தாண்டிச் செல்வதில்லை. நாளை மதுரையிலோ சென்னையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும்போது, தோழியர் நீட்டும் முதற் குவளையின் முன் உன் வீட்டு வரலாறு உனக்கு நினைவிருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது திருமணம். "கால்கட்டுப் போட்டாத் திருந்திருவான்" என்று சொல்லிக் குடிகார மகனுக்குப் பெண் தேடுகிறோமே, அந்தக் கட்டாகப் பயன்படுவது யாருடைய வாழ்க்கை? மாப்பிள்ளை வீட்டில் நிலம் எத்தனை குறுக்கம், நகை எத்தனை பவுன் என்றெல்லாம் கேட்கும் பெற்றோர், மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் குடிப்பவர்களா, மாப்பிள்ளை எந்த வயதில் தொடங்கினார் என்று கேட்பதில்லை. கேட்பது நாகரிகமன்று என்கிறார்கள். கடன் கேட்பதும் நாகரிகமன்றுதான்; வரதட்சிணைக்காகக் கேட்கிறோமே!

குடி ஒரு நோய் என்றால் அதற்குச் சிகிச்சையும் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடிப்பவருக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் அங்கே பயிற்சி உண்டு. அவ்வீட்டில் நோயுற்றிருப்பவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். இதற்கு மாறாக, கண்ட இடத்தில் விற்கும் மாத்திரையையும் பொடியையும் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: அம்மருந்து உள்ளே இருக்கையில் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நம் பள்ளி செய்யக்கூடியது என்ன? சேர்க்கைப் படிவத்தில் "தந்தை குடிப்பவரா?" என்று ஒரு கட்டம் அச்சிடும்படி நான் கேட்க மாட்டேன். எழுதியதை யாரேனும் படிப்பார். படித்தது தெருவுக்கு வரும். அதைவிட, ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியையோ அருட்சகோதரியோ இதற்கென்று இருந்து, கேட்டதை எழுதாமல் கேட்டுக்கொள்ளலாம். "அப்பா குடித்தார், அதனால் வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்று சொல்லத் துணிந்த பிள்ளையை அன்று நிற்க வைக்காமல், மாலையில் அரைமணி நேரம் பள்ளியிலேயே எழுத விடலாம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுமுன் உறக்கத்தைப் பற்றிக் கேட்கலாம். தந்தையர் வர விரும்பினால், விருதுநகரில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் ஆள் துணையோடு அனுப்பி வைக்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தொலைபேசி எண்ணும், ஆபத்திலிருக்கும் குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் உள்ளன. இரண்டிற்கும் கட்டணம் இல்லை. அவற்றைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாணவியரே. வீட்டில் வேறு எவரும் திறந்து பார்க்காத புத்தகம் அது ஒன்றுதான்.